டெலிபோன் அலமாரி

மலாயா சுதந்திரம் பெற்ற காலையில் நாடே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து 'மெர்டேக்கா', அதாவது சுதந்திரம், என்ற முழக்கத்தைக் கேட்டது. காஜா பெராங்கில் எங்கள் சந்து மட்டும் கேட்கவில்லை. காரணம், என் பக்கத்துக் கடைக்காரர் அப்துல் கய்யூம். அந்த மனுஷனை எத்தனையோ வருஷம் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். இன்றைக்கு எழுத உட்கார்ந்தால் ஒரு திட்டுகூட வரமாட்டேன் என்கிறது.

நான் கலியாணசுந்தரம். அப்போது முடிதிருத்தும் கடை வைத்திருந்தேன். முடி வெட்ட வருகிறவனுக்கு இரண்டு ஊர்க்கதை சேர்த்துக் கொடுத்தால்தான் மறுமாதமும் வருவான், தொழில் அப்படி. எனக்குப் பக்கத்தில் கய்யூம் பாயின் மளிகைக் கடை. சந்திலேயே டெலிபோன் இருந்த ஒரே இடம் அதுதான். என் மாதிரி ஆளுக்குப் பக்கத்தில் டெலிபோன் வந்தால் லாட்டரி விழுந்ததாகத்தானே அர்த்தம்? அதுதான் இல்லை. அந்த ஆள் வாயிலிருந்து ஒரு சேதியும் கறக்க முடியாது!

வாய் பேசாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார், ஆனால் பேச்செல்லாம் மெஷினைப் பற்றித்தான். காலையில் தமிழ்ப் பத்திரிகைக் கட்டு வந்ததும் மற்றவர்கள் அரசியலைத் தேடுவார்கள். இவர் உலகத்தில் எங்கே என்ன புது மெஷின் வந்திருக்கிறது என்று தேடுவார். கிடைத்துவிட்டால் அன்றைக்கு அரிசி வாங்க வந்தவனுக்கும் புளி வாங்க வந்தவனுக்கும் அவர் அபிப்பிராயம் இலவசம். ஒவ்வொரு மெஷினுக்கும் அவரிடம் ஒரே கேள்வி.

"நல்லது கலியாணம். ஆனா அதுக்கு எத்தனை காது?"

சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் ரேடியோ வருகிறதாம் என்று ஒருநாள் படித்தார். "வரட்டும். ரேடியோவுக்கு வாய்தான் உண்டு, காது கிடையாது. யாரு கேக்கிறான்னு அதுக்குத் தெரியாது. தங்கமான சாமான்" என்றார். வெள்ளைக்காரன் ஒரு அறை நிறைய மின்சார மூளை செய்திருக்கிறான், கணக்கெல்லாம் நொடியில் போடுகிறது என்று செய்தி வந்தபோது வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "யாரு என்ன வாங்குனா, எவ்வளவு வாங்குனான்னு எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்குமாம். அப்ப அது கடைக்காரன் மாதிரிதான்லா. கடைக்காரனுக்கு மொதல்ல வாய் அடங்கியிருக்கணும். அதை அதுக்கு யாரு சொல்லிக் கொடுப்பா?"

பேச்சைப் பிடித்து வைக்கும் டேப் மெஷின் ஒன்றுதான் அவருக்கு அறவே பிடிக்காது. "கோவத்துல ஒருத்தன் பேசுனது மறுநாளும் அப்படியே இருக்குமா? அப்புறம் மனுஷன் எப்படிப் பொழைக்கிறது?" என்று எழுந்து போய் வெற்றிலை துப்பிவிட்டு வந்தார்.

அவர் கணக்கில் டெலிபோனுக்கு நாலு காது. பேசுகிறவன், கேட்கிறவன், இடையில் கம்பியைக் கோக்கும் எக்ஸ்சேஞ்சுப் பெண், நாலாவதாகக் கடையில் சாய்ந்து நிற்கும் கலியாணசுந்தரம். என் முகத்துக்கு நேரேயே சொல்வார், கொஞ்சம்கூடக் கூச்சம் கிடையாது. அந்த நாலாவது காதை அடைக்கத்தான் அலமாரி செய்தார். துணி வைக்கும் பழைய மர அலமாரி ஒன்றை வாங்கி, தட்டுகளைப் பிடுங்கி, உள்பக்கம் முழுக்கக் கோணிச் சாக்கை மடித்து மடித்து ஆணி அடித்து, டெலிபோனை அதற்குள் வைத்துவிட்டார். பேச வருகிறவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். பாய் ரேடியோவைச் சத்தமாகத் திருகிவைத்து, கடையிலிருந்த எல்லாரையும் விரட்டிக்கொண்டு அஞ்சடிக்கு, அதுதான் கடை வாசலில் ஓடும் நடைபாதைக்கு, வந்து முதுகைக் காட்டி நிற்பார். கல்லாப்பெட்டி உள்ளே திறந்து கிடக்கும். அதைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது.

அத்தனை ஏற்பாட்டுக்கும் அவசியம் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. ஊர் எவ்வளவு தூரமோ அவ்வளவு சத்தமாக டெலிபோனில் பேச வேண்டும். பக்கத்தில் இருக்கும் பத்து பெரெண்டாமுக்குப் பேசினால் சாதாரணக் குரல், கோலாலம்பூருக்கு உரத்த குரல். சிங்கப்பூர் என்றால் கழுத்து நரம்பு புடைக்க வேண்டும். கம்பிதான் குரலைக் கொண்டுபோகிறது, தூரத்துக்கும் தொண்டைக்கும் சம்பந்தமில்லை என்று பாய் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். ம்ஹும், ஒருத்தரும் கேட்கவில்லை. கோணி இல்லாவிட்டால் பாதி சந்தின் குடும்ப விவகாரம் ஆற்றங்கரை வரைக்கும் போயிருக்கும்.

ஐம்பத்தேழாம் வருஷம் நடுவில் சனிக்கிழமைதோறும் சிங்கப்பூரிலிருந்து டெலிபோன் வர ஆரம்பித்தது. கூப்பிட்டது சுப்பையன் மகள் ருக்மணியை. சுப்பையன் எஸ்டேட்டில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் கமிட்டித் தலைவர். நல்ல உடம்பு, அதைவிட நல்ல கோபம். மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. மகன் ஜெயபாலன், தலைமுறை தலைமுறையாக மலாயே பேசும் செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டியில் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று அவனைத் தலைமுழுகிவிட்டார். 'தமிழ் பேசத் தெரியாத வீட்டில் சம்பந்தமா' என்பது அவர் கட்சி. அந்தச் செட்டிகள் நம் சாமியை நம்மைவிட ஒழுங்காகக் கும்பிடுகிறவர்கள், அவர் காதில் அதை யார் போடுவது? என் வீட்டில் எவளாவது அவன் பேரை எடுத்தால் என் பிணத்தைத்தான் பார்ப்பீர்கள் என்று ருக்மணியிடம் வேறு சொல்லிவைத்திருந்தார். அந்தப் பெண் அப்பா செத்துவிடுவார் என்று நிஜமாகவே பயந்தது.

சனிக்கிழமை டெலிபோன் விஷயம் சுப்பையன் காதுக்குப் போய்விட்டது. நேராகப் பாய் கடைக்கு வந்தார். நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

"பாய், எம் பொண்ணைக் கூப்பிடுறது யாரு?"

"அண்ணே, அதை உங்க பொண்ணுகிட்டக் கேளுங்க."

"அவ வாயைத் தொறக்க மாட்டேங்கிறா. போனை எடுக்கிறது நீதானே? உனக்குத் தெரியாம இருக்காது."

"தெரியும்ணே. சொல்ல முடியாது."

சுப்பையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். ஆடி மாசக் கூழுக்கும் அன்னதானத்துக்கும் கோயில் சாமான் முழுக்க வருஷா வருஷம் பாய் கடையில்தான் எடுப்பார்கள். அந்த வருஷம் வேறு கடைக்குப் போய்விட்டது. அதோடு விட்டாரா? காதல் விவகாரத்துக்குத் தரகு பார்க்கும் கடை அது, அங்கே எந்த வீட்டுப் பெண்ணும் போகக்கூடாது என்று சந்து முழுக்கச் சொல்லிவிட்டார். அரிசி மூட்டைகள் பிரிக்கப்படாமல் அப்படியே நின்றன. புளியில் வண்டு விழுந்தது. ருக்மணி டெலிபோனுக்கு வருவது மட்டும் நிற்கவில்லை, எப்படியோ வந்துவிடும்.

பாயின் மனைவி பீவி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போடுவது எனக்கே கேட்கும். "ஊரார் வீட்டு ரகசியத்தை ஒலையில போட்டா சோறு வேகுமா? புள்ளைங்க இஸ்கூலுக்குப் போகணும்லா!"

எனக்கும் பொறுக்கவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏன் பாய், தப்பான ஆளா அந்தப் பக்கம்?"

"சேச்சே. தங்கமான ஆளு."

"அப்புறம் என்னய்யா? ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிருச்சு. உங்க கடை பொழைச்சிக்கும், அந்தப் பொண்ணு பேரும் பொழைச்சிக்கும்."

"சொல்லலாம்தான் கலியாணம்" என்றார். எலி கடித்த மூட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். "ஆனா அந்த வார்த்தை என்னுது இல்லையே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரோடு இரண்டு நாள் பேசவே இல்லை.

ஆகஸ்டு முப்பத்தொன்று வந்தது, அதுவும் ஒரு சனிக்கிழமை. கோலாலம்பூரில் கொடியேற்றம், ரேடியோவில் நேரடியாகச் சொல்வார்கள். சந்தில் நல்ல ரேடியோ பாயிடம்தான் இருந்தது. வாரம் ஒருமுறை முதுகைத் திறந்து, பெயிண்ட் பிரஷ்ஷால் வால்வுகளைத் தூசு தட்டி, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி பார்த்துக்கொள்வார். அன்றைக்குக் கட்டுப்பாட்டையெல்லாம் மறந்து மொத்த சந்தும் அவர் கடையில் நின்றது. தமிழர், மலாய்க்காரர், சீனக் கடை முதலாளி தவுக்கே, கம்போங் செட்டியிலிருந்துகூட நாலு பேர். சுப்பையன் உள்ளே வரவில்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், கடையைப் பார்க்காதவராக அஞ்சடியில் நின்றார். காது மட்டும் உள்ளே இருந்தது.

ரேடியோவில் பிரகடனம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குண்டூசிச் சத்தம் கிடையாது. அலமாரிக்குள் டெலிபோன் மணி அடித்தது.

சிங்கப்பூருக்கு அன்றைக்குச் சுதந்திரமும் இல்லை, விடுமுறையும் இல்லை. அங்கே அது சாதாரணச் சனிக்கிழமைதான். பாய் உள்ளே போய் எடுத்தார். "இரு தம்பி" என்றார். கூட்டத்தில் ருக்மணியைத் தேடினார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு வருவதற்குள் சுப்பையன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டார்.

"இன்னிக்கு எல்லாரும் இருக்காங்க. சொல்லுடா, யாரு அவன்? சொல்லல, இந்தச் சந்துல நீ கடை நடத்த முடியாது!"

பாய் முதலில் டெலிபோனின் வாயைக் கையால் பொத்தினார். பீவி உள்வாசலில் நின்று கண்ணால் கெஞ்சினாள். சொல்லுங்களேன் பாய் என்று எனக்கும் தொண்டை வரை வந்துவிட்டது. அவர் சுப்பையனை நிமிர்ந்து பார்த்தார்.

"கடையை வேணா எடுத்துக்குங்கண்ணே. இதை என்கிட்டக் கேக்காதீங்க."

ருக்மணி அழ ஆரம்பித்துவிட்டாள். "அப்பா, அண்ணன்ப்பா! ஜெயபாலன் அண்ணன். உங்களைப் பத்தித்தான் வாரா வாரம் கேக்கிறாரு. போன வாரம் ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு." பாய் கையிலிருந்து டெலிபோனை வாங்கி அப்பாவிடம் நீட்டினாள்.

சுப்பையன் கை எழவில்லை. கூட்டம் முழுக்க ரேடியோவை மறந்து அந்த ஒரு டெலிபோனையே பார்த்தது. டிரங்க் கால், மூன்று நிமிஷம்தான், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பாய் அந்தக் காரியத்தைச் செய்தார். ரேடியோ ஒயரை வெடுக்கென்று பிடுங்கினார். அத்தனை பெரிய பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, "எல்லாரும் வெளிய! கலியாணம் கடைக்கு! ம், நடங்க!" என்று முன்னால் நடந்தார்.

"யோவ், பிரகடனம்யா!" என்று நான் கத்தினேன். தவுக்கே சீனத்தில் ஏதோ திட்டினார். யார் என்ன செய்ய முடியும்? ரேடியோ போகிற இடத்துக்குத்தானே நாங்கள் போக வேண்டும். என் கடை விளக்குச் சாக்கெட்டில் ஒயரைச் செருகினார். பழைய வால்வு ரேடியோ, போட்டவுடனே பேசாது. வால்வு சூடாகிற வரை எல்லாரும் பெட்டியின் மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றோம்.

அந்த நிசப்தத்தில் பக்கத்துக் கடையிலிருந்து சுப்பையன் குரல் வந்தது.

சுப்பையன் வயிற்றோடு உள்ளே நின்றால் அலமாரிக் கதவு மூடாது. அதை யாரும் யோசிக்கவில்லை. அவர் பேசுவதோ சிங்கப்பூருக்கு. அதற்குத் தகுந்த சத்தத்தில், தழுதழுத்து, மகனிடம் ஒரு வார்த்தை சொன்னார். எஸ்டேட்டையே நடுங்க வைத்த ஆள் குழந்தை மாதிரி அழுதார். எங்கள் எல்லாருக்கும் கேட்டது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியவில்லை.

பாய் அதிர்ந்து பேசி நான் கேட்டதே கிடையாது. அந்த மனுஷன் சட்டென்று கையை உயர்த்தினார், அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"மெர்டேக்கா!"

ஒரு கணம் எங்களுக்குப் புரியவில்லை. அவர் என்னைப் பார்த்து, கத்துடா என்பதுபோலக் கண்ணை உருட்டினார். புரிந்துவிட்டது. நான் கத்தினேன். தவுக்கே கத்தினார். கம்போங் செட்டிக்காரர்கள், மலாய்க்காரர்கள், பீவி, எல்லாரும் தொண்டை கிழியக் கத்தினோம். பாய் விடவில்லை, மறுபடி மறுபடி கையைத் தூக்கினார். பக்கத்துக் கடையில் அந்த மூன்று நிமிஷம் தீர்கிறவரை எங்கள் மெர்டேக்கா ஓயவில்லை. ரேடியோ எப்போது சூடானதோ தெரியாது. நாங்கள் நிறுத்தியபோது அதில் தேசிய கீதம் முடிந்துகொண்டிருந்தது.

சுப்பையன் அஞ்சடிக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. பாயிடம் மெல்லக் கேட்டார், "நான் பேசுனது வெளிய கேட்டுச்சா?"

"இங்க எல்லாரும் போட்ட சத்தத்துல ரேடியோவே கேக்கலண்ணே" என்றார் பாய். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்தத் தீபாவளிக்கு ஜெயபாலன் மனைவியோடும் குழந்தையோடும் வந்தான். அந்த மருமகள் செட்டி மலாயில் பேசப் பேச, சுப்பையன் எஸ்டேட் மலாயில் பதில் சொல்லிக்கொண்டு பேரனைத் தூக்கிக்கொண்டு சந்து முழுக்க நடந்தார். கோயில் சாமானும் பாய் கடைக்கே திரும்பியது. பாய் அலமாரியை மறுபடி பிரித்து, பருத்த உடம்புக்கும் இடம் இருக்கும்படி ஒரு சாண் அகலப்படுத்தினார்.

இன்றைக்குப் பாயும் இல்லை, சுப்பையனும் இல்லை. என் மருமகள் கையில் ஒரு போன் இருக்கிறது. அது எப்போது பார்த்தாலும் எதையாவது கேட்டுக்கொள்ள அனுமதி கேட்கிறது, அவளும் பார்க்காமலே சரி என்று தட்டுகிறாள். எத்தனை காது என்று கேட்க ஆள் இல்லையே என்று வயிறு எரிகிறது. போன மாதம் ஜெயபாலனின் மகன், மெர்டேக்காவுக்கு ஒரு வாரம் முன்னால் பிறந்த அந்தப் பயல், தலை நரைத்துப் போய் என்னைத் தேடி வந்தான்.

"தாத்தா அன்னைக்கு எங்கப்பாகிட்ட என்ன சொன்னாரு மாமா? அப்பா கடைசிவரைக்கும் சொல்லல. நீங்க கேட்டிருப்பீங்களாமே?"

கேட்டேன். ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. வாழ்நாளெல்லாம் ஊர்க்கதை விற்றுச் சோறு தின்றவன் நான். வாய் வரைக்கும் வந்தது.

"அந்த வார்த்தை என்னுது இல்லய்யா" என்று சொல்லி, அவனுக்கு ஒரு கோப்பி போடச் சொன்னேன்.