நாற்பது பேரும் சொன்ன "பஹாம்"

நாற்பது தொண்டைகள் ஒரே மூச்சில் இழுத்துச் சொல்லும் "பஹாம், சிக்கு!" என்ற சத்தம், எண்பதுகளில் மலேசியாவின் கோலசிலாங்கூரில் நான் படித்த இடைநிலைப்பள்ளியின் தகரக் கூரையில் பட்டுத் திரும்பியது இன்னும் என் காதில் இருக்கிறது. "புரிந்தது, டீச்சர்" என்று அதற்குப் பொருள். எங்களில் பாதிப் பேருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவர்கள், எல்லாப் பாடமும் மலாயில் நடக்கும் முதலாம் படிவத்துக்குப் போகுமுன் ஒரு வருடம் உட்கார வேண்டிய "ரிமூவ் கிளாஸ்" அது. மலாய்க்காரரான சிக்கு ரொஹானா ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் "பஹாம்?" என்று கேட்பார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்த எங்களுக்கு அது கேள்வியாகவே படவில்லை. புரியவில்லை என்று சொல்வது, உங்களுக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை என்று ஆசிரியரிடம் நேரே சொல்வது போல. "பெரியவங்க கேட்டா சரின்னு சொல்லு, மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்காத" என்பது வீட்டில் தினமும் கேட்டது. ஒருநாள் என் கை பாதி உயர்ந்தபோது பக்கத்தில் இருந்த செல்வி அதைப் பிடித்து இறக்கினாள்: "ஏய், சும்மா இரு லா! பெரிய ஆபீஸ் கிராணி மவளுன்னு நெனப்பா?"

அரையாண்டுத் தேர்வில் கணிதத்திலும் அறிவியலிலும் தோற்றேன். ரிப்போர்ட் வாங்க, செம்பனைக் குலை வெட்டும் என் அப்பா, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தோட்டத்து லோரியில் வந்தார். நாற்காலி இருந்தும் கைகட்டியே நின்றார். சிக்கு கரிசனமாகத்தான் பேசினார்: இவளுக்குப் படிப்பு சிரமமாக இருக்கிறது, வருட முடிவில் பள்ளியை விட்டுத் தையல் பயிற்சிக்குப் போகட்டும், பெயர் எழுதிக்கொள்ளட்டுமா? கடையில் சாமான் வாங்கும் அளவுக்கே மலாய் தெரிந்த அப்பா, தலையை ஆட்டி "பஹாம், சிக்கு" என்றார். சிக்கு கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினார். அப்பா வாங்கிக்கொண்டார்.

வகுப்பில் நான் சொல்லிக்கொண்டிருந்த அதே குரல். சிக்குவின் முகத்தைப் பார்த்து, தெரிந்த மலாயில் சொன்னேன்: "எங்க அப்பாவுக்குப் புரியல, சிக்கு. எனக்கும் பாடம் புரியல. வகுப்புல யாருக்குமே புரியல. நான் படிக்கணும்."

சிக்கு பேனாவைத் திரும்ப வாங்கினார். கோபமில்லை, திகைப்பு. "பிறகு ஏன் தினமும் பஹாம் என்றீர்கள்?"

லோரியில் அடி விழும் என்று காத்திருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பினார். "எனக்கு ஒரு எழவும் வெளங்கல புள்ள. கையெழுத்தே போட்ருப்பேன்." லோரி குலுங்கியது. "நீ கேளு. நாளைக்கும் கேளு."

மறுநாளிலிருந்து சிக்கு "பஹாம்?" என்று கேட்கவே இல்லை. மேசை மேசையாக வந்து, "எந்த வரியில் நின்றுவிட்டாய், காட்டு" என்றார். வாயால் சொல்லக் கூசியவர்கள் விரலால் காட்டினோம். அது யாருக்கும் மரியாதைக் குறைவாகத் தோன்றவில்லை. செல்வியின் விரல்கூட நீண்டது. அடுத்த வருடம் நான் முதலாம் படிவத்தில் இருந்தேன்.

இன்று அந்தத் தோட்டம் வீடமைப்புப் பகுதி. லயமும் இல்லை, லோரியும் இல்லை. சென்ற வாரம், ரவாங்கில் படிக்கும் என் மகனின் ஆசிரியர் போன் செய்து, அவன் மூன்று பாடங்களில் தோற்றிருக்கிறான், எதைக் கேட்டாலும் "ஓகே, டீச்சர்" என்கிறான் என்றார். வேலை முடிந்து வந்து தினமும் "புரிஞ்சிச்சா?" என்று கேட்டவள் நான்தான், "ஓகே மா" என்றதும் நிம்மதியாக அடுப்படிக்குப் போனவளும் நான்தான்.

நேற்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து, "எந்த வரியில நின்ன, காட்டு" என்றேன். தயங்கித் தயங்கி நகர்ந்த விரல், பாடத்தின் முதல் வரியில் போய் நின்றது. சரி, அங்கிருந்தே தொடங்கியிருக்கிறோம்.