சுகந்தியின் எட்டுக் கோப்பைகள்

இஞ்சி தட்டும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்கு மல்லாவி ஊர்தான் நினைவுக்கு வரும். குசினி நிறைய விறகுப் புகை, கேத்தில் மூடி அடித்துக்கொள்ளும் சத்தம், அதையும் மீறிச் சுகந்தியின் குரல்...

"மிஸ், கொதிக்குது! மிஸ், கொதிக்குது!"

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. படிப்பதற்கும் அன்றாட வேலைகளுக்கும் கூடுதல் உதவி தேவைப்படுகிற, வளர்ந்த பிள்ளைகளுக்கான சின்னப் பகல் நிலையம் அது. சுகந்திக்கு அப்போது இருபது தாண்டியிருந்தது. எண்கள் அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் ஒரு தடவை பார்த்த ஆளை மறக்கமாட்டாள்.

அதனால் எண்ணை விட்டுவிட்டு ஆட்களைப் பிடித்துக்கொண்டோம். நிலையத்தில் எட்டுப் பேர், எட்டுக் கோப்பை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. நீலம் எனக்கு. காது உடைந்தது வான் ஓட்டும் அண்ணைக்கு. பூப்போட்டது அவளுக்கே அவளுக்கு. முதலில் கோப்பைகளை அடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் தண்ணீர் எடுத்துக் கேத்திலில் ஊற்ற வேண்டும். பிறகு இஞ்சி, தேயிலை, சீனி. கடைசியில் உரியவரின் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

பழக மாதக்கணக்காயிற்று. அவள் முதன்முதலாகத் தனியாகப் போட்ட தேநீர் சீனிப்பாணிபோல இனித்தது. ஒருவரும் முகம் சுளிக்காமல் குடித்து முடித்தோம்.

ஆனால் வீட்டில் அவளை அடுப்புப் பக்கமே அம்மா அண்டவிடமாட்டா. கணவர் இல்லை, தனியாக வயல் செய்து மகளைப் பார்த்தவா. யாராவது வீட்டுக்கு வந்தால் சுகந்தியை அறைக்குள் அனுப்பிவிடுவா. அவாவைக் கோபித்துப் பயனில்லை. ஆட்களின் ஏளனப் பார்வை மகளுக்கு விளங்கும் என்று அவாவுக்குத் தெரியும். காலப்போக்கில் அயலவர்களும் அந்த வேலிப் படலையைத் திறப்பதை விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் அம்மா நிலையத்துக்கே வந்து நின்றா.

"இனி அனுப்பமாட்டன் மிஸ். பஸ்ஸில ஆக்கள் ஒருமாதிரிப் பாக்கினமாம். இஞ்ச வந்தும் என்னத்தைக் கண்டது? எனக்குப் பிறகு இவளை ஆர் பாக்கிறது எண்டு யோசிச்சா நித்திரை வருகுதில்லை."

"தேத்தண்ணி போடுவாள் அம்மா," என்றேன்.

"என்ர அடுப்பில போட்டுக் காட்டட்டும். பிறகு பாப்பம்."

அடுத்த சனிக்கிழமை அவர்களுடைய வீட்டில் போய் நின்றேன். சுகந்தி பதற்றமில்லாமல் ஆறுதலாக அடுப்பை மூட்டினாள். கோப்பைகளை எடுக்கப் போனாள்... அங்கே இருந்தவை இரண்டே இரண்டு.

அதுவரை எங்களுக்கு உறைக்காத விஷயம் அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேருக்குத் தேநீர் போட நாங்கள் அவளுக்குப் பழக்கவே இல்லை!

சுகந்தி அசரவில்லை. வீடு முழுக்கத் தேடினாள். செம்பு வந்தது, கிளாஸ் வந்தது, கிண்ணம் வந்தது, தகரப் பேணிகூட வந்தது.

"ஐயோ, அது பல்லுத் தீட்டுற பேணியடி!"

அதையும் கழுவி வைத்தாள். நிலையத்தில் பழகிய வரிசைபோலவே எட்டு ஏனம் நிற்கும்வரை அவள் கேத்திலைத் தொடவில்லை.

"ரெண்டு பேருள்ள வீட்டில ஆருக்கடி இவ்வளவும்?" அம்மாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. அவ்வளவுதான், இனி அனுப்பமாட்டா என்று நினைத்துக்கொண்டேன்.

சுகந்தி தேநீரை ஊற்றி எனக்கொன்று தந்தாள். அம்மாவுக்கொன்று. தனக்கொன்று எடுத்து வைத்தாள். மிச்சத்தைத் தட்டத்தில் அடுக்கிக்கொண்டு படலையைத் திறந்து வெளியே போய்விட்டாள்!

"பிடியுங்கோ மிஸ், அவள் ரோட்டுக்குப் போறாள்!"

நாங்கள் ஓடிப்போகவும், முற்றம் கூட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பரமேஸ் அக்கா நிமிரவும் சரியாக இருந்தது. சுகந்தி செம்பை நீட்டினாள்.

"எனக்கோ பிள்ளை?"

"ஓம். ஆற முதல் குடியுங்கோ."

பரமேஸ் அக்கா வேலிக்கு மேலால் அம்மாவைப் பார்த்தா. அம்மா நிலத்தைப் பார்த்தா. அக்கா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, கையைச் சீலையில் துடைத்து, செம்பை வாங்கி ஒரு மிடறு குடித்தா.

"சீனி கூடிப்போச்சு. எண்டாலும் நல்லாத்தான் கிடக்கு. செம்பைக் கழுவி நானே கொண்டுவாறன்."

சொன்னபடியே வந்தா. அம்மா கதிரையை இழுத்துப் போட்டா. இருவரும் பொழுதுபடும்வரை கதைத்தார்கள். நான் வெளிக்கிடும்போது அம்மா மெல்லச் சொன்னா, "திங்கக்கிழமை நானே பஸ்ஸில ஏத்திவிடுறன் மிஸ்."

இப்போது நான் வவுனியாவில், அலுவலக மேசையில், ஒற்றை மக்கில் டீ பேக்கைத் தோய்த்துக் குடிக்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஆசிரியப் பிள்ளைகள் படங்களும் வீடியோவும் வைத்து அழகாகப் பழக்குகிறார்கள். முதலில் ஒரு கோப்பை, பிறகு இரண்டு... அதுதான் சரியான முறை. ஆனாலும் அந்தப் பிழையான எட்டை நினைத்தால் மனம் ஏங்கத்தான் செய்கிறது.

சுகந்தியின் அம்மா போன வருடம் காலமாகிவிட்டா. செத்த வீட்டுக்கு என்னால் போக முடியவில்லை. போன மாதம்தான் அந்த வீட்டுக்குப் போனேன். பின்னேரம், குசினியில் அதே புகை. பரமேஸ் அக்கா, அவாவின் மருமகள், எதிர்வீட்டு ஆட்கள் என்று முற்றம் நிறைந்திருந்தது. இரவில் பரமேஸ் அக்காதான் துணைக்குப் படுக்கிறாவாம்.

எல்லோருக்கும் கொடுத்த பிறகும் தட்டத்தில் ஒரு நீலக் கோப்பை மிஞ்சியிருந்தது. அம்மாவுக்காக்கும் என்று நினைத்ததும் என் கண் கலங்கிவிட்டது.

சுகந்தி அதைத் தூக்கி என் கையில் வைத்தாள்.

"இது உங்கட, மிஸ். எங்க இவ்வளவு நாளும் காணேல்ல?"

பரமேஸ் அக்கா சிரித்தா.

"நீலம் மிஸ்ஸுக்கு எண்டு ஒவ்வொரு நாளும் ஊத்தி வைக்கிறவள். நீங்கள் வராத நாளெல்லாம் நான்தான் குடிச்சு முடிக்கிறனான்."