எருக்குழியில் கிடந்தது

பூதலூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் நடவு நட்டுக் களை பறித்தவள் வைரக்கண்ணு. வாய்த்துடுக்குக்காரி. கூலி கூட்டிக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்காமல் நின்ற வருஷம், மிராசுதார் வாசலில் முதல் ஆளாக நின்றவள். அப்பேர்ப்பட்டவளை அவள் மனையிலிருந்து யாரும் துரத்தவில்லை. அவளாகவே கிளம்பினாள். அந்த வயிற்றெரிச்சல் சாகும்வரை தீரவில்லை.

உதயசூரியன் ஆட்சி வந்து, குடியிருப்பவருக்கே மனை என்று சட்டம் போட்டிருந்த நேரம் அது. மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்கள் அதிகாரி வரும் நாளுக்காகக் காத்திருந்தார்கள். "என்ன ஆனாலும் எடத்த வுட்டு நகராதீங்க" என்று விவசாயக் கூலிகள் சங்கத்தார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் குடிசைக்குப் பின்னால் எருக்குழியில் எருவை வெட்டினாள். மண்வெட்டி பெயர்த்த ஈரமண்ணில், விரல் தடிமனில் கருநீலமாக ஒன்று சுருண்டு கிடந்தது. சுருளுக்குள் பளபளவென்று முட்டைகள். தலைக்கு மேல் மண்வெட்டி நின்றும் அது ஓடவில்லை.

"பாம்பு புள்ள!" என்று அவள் புருஷன் பக்கிரி கம்பை எடுத்தான்.

"அடைகாக்கறத அடிக்காதீங்க. நாமளும் புள்ள பெத்தவங்க."

சேதி கேட்டுப் பண்ணைக் காரியக்காரர் பஞ்சநதம் சொம்புப் பாலோடு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு விழுந்து கும்பிட்டார். "நாகம் முட்டை வச்ச மண்ணுல அடுப்பெரிக்கலாமா? நீ புள்ளக்காரி. குஞ்சு பொரிச்சுப் போறவரைக்கும் வாய்க்காக் கரையில இரு. அப்புறம் வந்துக்க."

மிராசுதார் மிரட்டியிருந்தால் அரிவாளைத் தூக்கியிருப்பாள். நாகத்திடம் என்ன செய்வது? அவள் மகள் பூவம்மாள், புற்றுக்குப் பால் ஊற்றி வேண்டிக்கொண்டு பிறந்தவள். சங்கத்தார் சொன்னது நினைவிருந்தும், பயம் ஜெயித்தது. கீற்றைப் பிரித்துக் கரைக்குக் கொண்டுபோனார்கள்.

தினமும் பால் கொண்டுபோய் வைத்தாள். ஒரு மழைக்குப் பிறகு முட்டைகள் உடைந்து, குட்டிகள் நெளிந்து நெளிந்து நேரே வாய்க்கால் தண்ணீருக்குள் இறங்கின. விலாங்குக் குஞ்சுகள் மாதிரி நீந்தின. பாம்புக் குட்டி பிறந்தவுடன் தண்ணீருக்கா போகும்? பதறிப்போய்த் தாயை உற்றுப் பார்த்தாள். செதில் இல்லை. வழுவழுவென்று தோல், மண்புழுவுக்கு இருப்பதுபோல உடம்பெல்லாம் வளையம். அது கடிக்கக்கூட வரவில்லை.

"இது பாம்பே இல்லீங்க! ஏமாந்துட்டமுங்க!" என்று கத்திக்கொண்டு பக்கிரியிடம் ஓடினாள். ஈரமண்ணில் வாழும், தவளைக்குச் சொந்தமான காலில்லாத உயிர் அது.

குடிசையைப் பழைய இடத்திலேயே போட மூங்கிலைத் தூக்கிக்கொண்டு இருவரும் திரும்பியபோது, மனையைச் சுற்றிப் பண்ணை ஆட்கள் முள்வேலி அடைத்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சநதம் தெரிந்தே செய்தாரா, நம்பித்தான் செய்தாரா? கும்பிடும்போது அவர் கண் கலங்கியதை அவளே பார்த்திருந்தாள். அதனால் அவரை முழுசாகத் திட்டவும் முடியவில்லை.

மறுநாளே அதிகாரி வந்துவிட்டார்.

"இங்க குடியிருக்கறது யாரு?"

"நாந்தாங்க."

"குடிசை எங்கம்மா?"

வாய்க்கால் கரையைக் கை காட்டினாள். நாகத்தின் கதையைப் பக்கிரி சொன்னபோது கூட வந்த சிப்பந்தி சிரித்தான். அக்கம்பக்கத்துக் குடிசைக்காரர்கள் எல்லோருக்கும் மனை கிடைத்தது. அவள் கடைசிவரை பட்டா இல்லாத புறம்போக்குக் கரையிலேயே கிடந்து, வெள்ளம் வந்தபோதெல்லாம் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள்.

வருஷங்கள் கழித்து, கரையோரம் மண் வெட்டிய பூவம்மாள் அதேபோல் ஒன்று முட்டைகளோடு சுருண்டிருப்பதைக் கண்டு கம்பை ஓங்கினாள். வைரக்கண்ணு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காதடி. என்ன வந்தும் அது எடத்த வுடல. நாந்தான் வுட்டேன்."