அண்ணன் வாங்கிப் போட்ட டயர் அல்ல அது

எங்கள் சித்தப்பா பொய் சொன்னார். ஒருநாள் அல்ல, வருஷக்கணக்காகச் சொன்னார். கல்யாண வீட்டிலும் சொன்னார், துஷ்டி வீட்டிலும் சொன்னார். அண்ணன் கண்ணை மூடிய அன்று எங்கள் வாசல் பந்தலில் உட்கார்ந்துகொண்டும் சொன்னார். அண்ணனின் முதல் வருஷத் திதிக்கு வரும் இந்த நினைவு மலரில் அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் எனக்குச் சரிப்படாது. வாசிக்கிறவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அண்ணன் எட்டயபுரத்துக்குத் தெற்கே எங்கள் கிராமத்தில் பிறந்தவர். அப்பா போனபோது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை. பருத்தியும் கம்பும் விதைத்து, மழை ஏமாற்றிய வருஷங்களில் மில் வேலைக்குப் போய், என்னைக் கட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகுதான் கோவில்பட்டியில் ஒரு பழைய அம்பாசிடர் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். கல்யாணத்துக்கும் போவார், ஆஸ்பத்திரிக்கும் போவார். நிறைமாதப் பெண்கள் என்றால் அண்ணன் காரைத்தான் கேட்பார்கள்.

அந்தக் காரில் போனதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் சொருகும். பங்குனி வெயிலில் இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடக்கும். அதன்மேல் காற்று தண்ணீர் போல அசையும். வெடித்த பருத்தி அந்தத் தண்ணீரில் மிதக்கும். தூரத்துப் பனைகள் தரையைத் தொடாமல் நிற்கும். அண்ணன் வேகம் போகமாட்டார். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்திருப்பார். பள்ளம் வரும், வந்தது தெரியும், ஆனால் அது வேறு யாருக்கோ வந்தது போல இருக்கும். நான் பாதித் தூக்கத்தில் கிடப்பேன். ஊர் வந்துவிடக்கூடாதே என்று இருக்கும்.

டயர் தேய்ந்தால் பழைய அளவிலேயேதான் வாங்குவார். 5.90–15. முதல் எண் டயரின் அகலம், அடுத்தது உள்ளே இருக்கும் ரிம்மின் அளவு. மாட்டியதும் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே உள்ளங்கையை விட்டுப் பார்ப்பார். கை தாராளமாகப் போய்வர வேண்டும்.

"எதுக்குண்ணே இவ்வளவு சந்து?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கரிசல் உள்ள வந்துட்டுப் போவணும்லா. வழி விடலன்னா அங்கனயே குடியிருந்துரும்" என்று சிரித்தார்.

சித்தப்பாவுக்கு எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பக்கம் வீடும் நிலபுலனும். ஒரே மகள். நாங்கள் தங்கச்சி என்போம். தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்திருந்தாள். அதிகம் குலுங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உடனே சித்தப்பா தூத்துக்குடி போய் 6.70–15 அளவில் இரண்டு டயர் வாங்கி வந்து அண்ணன் வீட்டு வாசலில் இறக்கினார். நானும் அன்று அங்கே இருந்தேன்.

"ஏலே, இதப் பின்னால மாட்டு. டயரு பெருசா இருந்தாத் தூக்கிப் போடாது."

"கம்பெனியில சொன்ன அளவு இது இல்ல சித்தப்பா."

"கம்பெனிக்காரன் நம்ம ஊரு ரோட்டப் பாத்தானாலே?"

"அவன் பாக்கல. நான் பாத்திருக்கேம்லா. ஆளு ஏறுனா மட்கார்டுல உரசும். மழ பேஞ்சா மண்ணு அடைச்சுக்கிடும்."

"எம் மவளுக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்தா உனக்கு ஏம்லே வலிக்கி?"

அண்ணன் ஜாக்கியை எடுத்து வந்தார். அப்பா ஸ்தானத்தில் இருப்பவர் என்று பணிந்துவிட்டார். ரிம் ஒரே அளவு என்பதால் டயர் சிரமமில்லாமல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதுதான் வினை. அண்ணன் சந்தில் கையை விட்டார். விரல் நுனிதான் போனது.

முதல் பயணம் சொர்க்கமாக இருந்தது. அதை மறைக்கமாட்டேன். காய்ந்த பாதையில் கார் தரையில் போவதாகவே தெரியவில்லை. தங்கச்சி என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். "அக்கா, தொட்டில்ல போற மாரி இருக்கு" என்றாள். அவள் வயிற்றில் பிள்ளை நெளிவது என் கைக்குத் தெரிந்தது. அதுவும் தொட்டிலில்தான் கிடந்தது. சித்தப்பா முன்சீட்டிலிருந்து திரும்பி, "எப்பூடி?" என்று மீசையைத் தடவினார்.

ஐப்பசியில் மழை இறங்கிய அன்று தங்கச்சிக்கு வலி கண்டது. சித்தப்பா ஊரிலிருந்து தார் ரோடு வரை கரிசல் பாதை. கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். மண் சந்தில் ஏறி அப்பி, சக்கரத்தைக் கயிறு போட்டுக் கட்டியது போல நிறுத்திவிட்டது. அண்ணன் கடப்பாரையால் குத்தி எடுத்தார். நான்கு அடி நகரும், மறுபடி கட்டிக்கொள்ளும். கடைசியில் கையால் தோண்டினார். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. வெளியே மழை நிறுத்தாமல், அவசரமில்லாமல் பெய்துகொண்டே இருந்தது. பிறகு மாட்டுவண்டி வந்து, தார் ரோட்டில் லாரி பிடித்து, கோவில்பட்டி போய்ச் சேர்ந்தோம். தங்கச்சி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சித்தப்பா கத்தினார்: "இந்தப் பய காருக்குப் பொருந்தாத டயரப் போட்டு எம் பேரனக் கொன்னுட்டான்."

அண்ணன் உடம்பெல்லாம் மண்ணோடு நின்றார். நான் பேசப் போனபோது கையைப் பிடித்து இழுத்தார். "சும்மா இரு தாயி. அவிய வீட்ல பிள்ள போயிருக்கு. இப்பப் போயி டயர் கதையா பேசுதது?"

பேரப்பிள்ளையை இழந்த துக்கம் என்ன என்பது எனக்கும் தெரியும். அதை வைக்க இடமில்லாமல் அண்ணன் தலையில் வைத்தார் என்றும் தெரியும். ஆனால் இறக்கவே இல்லையே! அதற்குப் பிறகு ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக்கூட யாரும் அண்ணன் காரில் ஏற்றவில்லை. காலியாக வீடு திரும்பும்போதும் மெதுவாகவே ஓட்டுவார்.

பிள்ளை போன அந்த வாரமே தங்கச்சியை ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குக் கூட்டிப்போக வேறு வண்டி எதுவும் அந்தப் பாதைக்கு வரமாட்டேன் என்றது. அண்ணன் பழைய டயரையே மாட்டிக்கொண்டு வந்தார். அன்று சகதி முன்னைவிட அதிகம். கார் வழுக்கியது, ஆடியது. ஆனால் நிற்கவில்லை. பின்னால் மண் வாரி இறைத்துக்கொண்டு வீட்டு வாசல் வரை போனது.

அண்ணன் தன் கடைசி நாட்களில் நெஞ்சுச் சளியால் அவதிப்பட்டார். காய்ச்சல் வேகத்தில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "மெல்லப் போவோம், தங்கச்சி உறங்குதால்லா" என்பார். அந்தத் தங்கச்சி பக்கத்தில் இருந்துதான் கஞ்சி ஊட்டினாள். அவளுக்கும், அனுப்பிவைத்த அவள் வீட்டுக்காரருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். மழையில் மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்த வண்டிக்காரருக்கும், தோள் கொடுத்த கார் ஸ்டாண்டு டிரைவர்களுக்கும் நன்றி. இதை எழுதட்டுமா என்று தங்கச்சியிடம் கேட்டேன். "எழுதுக்கா. நான் சொல்லி எங்கப்பா காதுல ஏறல" என்றாள்.

சித்தப்பா, இந்த மலர் இப்போது உங்கள் கையிலும் இருக்கும். மகளைக் கூட்டிவந்த அன்று முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது நீங்கள்தான். பழைய டயர் அந்தச் சகதியைத் தாண்டியதைப் பார்த்ததும் நீங்கள்தான். இன்று இலை போடுவதற்கு முன்னால், சொந்தபந்தம் எல்லோரும் கேட்க எழுந்து நின்று சொல்லுங்கள். அந்தப் பெரிய டயரை வாங்கி வந்து மாட்டச் சொன்னது யார்?