வாட் பார்த்து வாங்கிய தொலைக்காட்சி

2007 நவம்பர் 4. பழைய டிவி, எடைக்குப் போட்டது: 350
2007 நவம்பர் 11. புது டிவி, எல்.சி.டி., நாற்பது அங்குலம்: 48,900
2007 நவம்பர் 12. சுவரில் துளையிட்டு மாட்டிய கூலி: 400
2007 டிசம்பர் 18. கடைக்குப் போய்வந்த டாக்சி: 120
2007 டிசம்பர் 21. பதிவுத் தபால்: 45
2008 பிப்ரவரி 6. பதிவுத் தபால்: 45

மின்சார அலுவலகம் முழுவதும் ‘மீட்டர்’ என்று அழைத்த மனிதரின் கணக்கு இது. முப்பத்தொரு ஆண்டு வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர். அவர் கொண்டுவரும் எண்களைப் பில்லாக்குவது என் மேசை, அதனால் அவருக்கு நான் ‘பில் சார்’. ஓய்வு பெற்ற பிறகும் ஒரே கட்டடத்தில் அவர் மேல்தளத்திலும் நான் கீழ்த்தளத்திலுமாக இருந்தோம்.

மாடிப்படிக்கு அடியிலோ, நாய் கட்டிய சந்திலோ, மீட்டர் எங்கே இருந்தாலும் குனிந்து டார்ச் அடித்துத் தன் கண்ணால் பார்த்த எண்ணைத்தான் எழுதுவார். வீடு பூட்டியிருந்தால் மற்றவர்கள் குத்துமதிப்பாக ஒன்றைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவர் மறுநாளும் அந்த வாசலில் போய் நிற்பார். நாய்க்கடி நான்கு. பதவி உயர்வு இல்லை.

அவர் மனைவி தையற்காரி. பிள்ளைகள் கிடையாது. படியில் தவறி விழுந்து முதுகில் அடிபட்ட பிறகு அந்த அம்மாவால் மல்லாந்து படுக்க முடியாது, வெகுநேரம் உட்காரவும் முடியாது. இடப்பக்கம் ஒருக்களித்தபடியே நாள் முழுக்கக் கிடப்பார். கட்டில் பின்னறையில். முகத்துக்கு நேரே கதவு. கதவு வழியாகச் சாய்வாகப் பார்த்தால் முன்னறைச் சுவர் தெரியும். டிவி அங்கே இருந்தது. பாட்டுப் போட்டி வந்தால் அந்த அம்மாவின் காது வேலை செய்யாது, கண்தான் வேலை செய்யும். “அந்தப் பொண்ணுக்குத் தோள்பட்டை ரெண்டு விரல் இறங்கிக் கிடக்குது பாருங்க. தச்சவன் கைய ஒடிக்கணும்” என்பார். ஊசியைத் தொட முடியாமல் போனவருக்கு அந்தத் துணிகளும் நிறங்களும்தான் மிச்சம்.

பழைய படக்குழாய் டிவி புகைந்து நின்றபோது மீட்டர் சேமிப்பைத் துடைத்து எடுத்தார். கடைக்கு நானும் போனேன். பிளாஸ்மா ஒன்றும் எல்.சி.டி. ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன. மீட்டர் இரண்டுக்கும் பின்னால் போய்க் குனிந்து, ஒட்டியிருந்த சீட்டை டார்ச் அடித்துப் படித்தார்.

“சார், படம் முன்னாடி தெரியும்” என்றான் விற்பனையாள்.

“படம் கெடக்கட்டும் தம்பி. இது முந்நூத்திப் பத்து வாட், அது இருநூறு. என் வீட்ல பத்து மணி நேரம் ஓடும். மாசத்துக்கு முப்பத்து மூணு யூனிட் தண்டம். பில் சார், சரிதானே?”

“சரிதான்” என்றேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

“ஆனா சார், பிளாஸ்மான்னா எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் ஒரே மாதிரி இருக்கும்.”

“நாங்க ரெண்டே பேரு. எத்தனை பக்கம்ப்பா நிப்போம்?”

விற்பனையாளும் சிரித்துவிட்டான். எல்.சி.டி. வந்தது. மாட்டிய அன்று மீட்டர் படத்தைப் பார்க்கவில்லை. வாசலில் மின்சார மீட்டரின் சக்கரம் மெதுவாகச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு வந்து, “நத்தை மாதிரி ஓடுது” என்று மனைவியிடம் சொன்னார்.

ஐந்து வாரம் கழித்து ஒரு மத்தியானம். டிவியில் யாரோ ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். “அடேயப்பா, என்ன ஒரு மயில் நீலம்” என்றேன் நான்.

“நீலமா அண்ணா?” என்றார் உள்ளே இருந்து அந்த அம்மா. “நான் சாம்பல்னு நெனச்சேன்.”

மீட்டர் எழுந்து போனார். கட்டிலருகே மண்டியிட்டு, மனைவியின் தலையணையில் தன் தலையையும் வைத்துப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. நானும் போய்க் குனிந்து பார்த்தேன். அந்தச் சாய்விலிருந்து பார்க்கையில் படம் வெளிறிக் கிடந்தது. முகங்கள் புகை படிந்த மாதிரி. எல்லோருக்கும் ஒரே சாம்பல் உடுப்பு. பழைய டிவி எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரிந்ததால் எங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தோன்றவில்லை.

“ஏன்டி சொல்லல?”

“அந்தச் சக்கரத்தப் பாத்துட்டு வந்து சிரிச்சீங்களே. நம்ம கல்யாணத்தன்னைக்குக்கூட நீங்க அப்படிச் சிரிக்கலை. எப்படிச் சொல்றது?”

டிவியைக் கழற்றி ஸ்டூலில் வைத்துக் கதவுப் பக்கம் திருப்பிப் பார்த்தோம். குளியலறைக்குப் போகும் சக்கர நாற்காலிக்கு வழி அடைத்தது. மறுபடி சுவரிலேயே மாட்டினோம். கடைக்காரர், பெட்டி பிரித்து மாட்டிய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை, கம்பெனிக்கு எழுதிப் பாருங்கள் என்றார். ஓய்வூதியத்தில் இன்னொன்று வாங்க வழியில்லை. விலை வித்தியாசத்தைத் தவணையில் தருகிறேன், பிளாஸ்மாவாக மாற்றிக் கொடுங்கள் என்று மீட்டர் கம்பெனிக்கு எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார்.

காத்திருந்த மாதங்களில் பின்னறைக் கதவருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, டிவியைப் பார்த்துப் பார்த்து மனைவிக்குச் சொன்னார்.

“மூணு பேரு வராங்க. நடுவுல இருக்கறவ செவப்பு.”

“என்ன செவப்பு?”

“செவப்புன்னா செவப்புதான்.”

“ரத்தச் செவப்பா, செங்கல் செவப்பா?”

அவர் எழுந்து போய்த் திரையில் மூக்கு படுகிற மாதிரி நின்று பார்த்துவிட்டு வருவார். “செங்கல்லும் இல்ல, ரத்தமும் இல்ல. நடுவுல.”

“கழுத்து எப்படி வெட்டியிருக்கு?”

“கழுத்து… இருக்கு.”

“கழுத்து இல்லாம எப்படிங்க பாடுவா?” அந்த அம்மா சிரித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கேள்விகள் நாளுக்கு நாள் குறைந்தன. எண்ணைப் பார்த்தே பழகியவரால் இடுப்புச் சுருக்கத்தைச் சொல்ல முடியவில்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது. சாயங்காலம் கீழே வந்து என் வீட்டில் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

மார்ச் மாதம் இடது இடுப்பில் படுக்கைப் புண் வந்தது. இனி வலப்பக்கம் மட்டுமே படுக்க வேண்டும் என்றார் மருத்துவர். வலப்பக்கம் என்றால் சுவர். மீட்டர் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிப் படுக்க வைத்தார். அங்கிருந்து கதவு வழியாகத் தெரிந்தது செருப்பு விடும் மூலை.

“செருப்பப் பாத்துக்கிட்டுக் கெடக்கறதுக்குச் சுவரே மேல்” என்றார் அந்த அம்மா.

தலையணையைப் பழைய இடத்துக்கே மாற்றி, சுவர்ப் பக்கம் முகம் வைத்துப் படுக்க வைத்தோம். சற்று நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டார்: “இந்தச் சுவருக்கு எத்தனை வாட்டுங்க?”

மீட்டர் முன்னறைக்கு வந்து டிவியின் பிளக்கைப் பிடுங்கினார். அதன் பிறகு அது ஓடவில்லை.

பிளாஸ்மா தரச் சம்மதம், எங்கள் ஆட்களே வந்து மாற்றிக் கொடுப்பார்கள், நாளைக் குறிப்பிட்டு எழுதவும் என்று கம்பெனியிலிருந்து கடைசியாக ஒரு கடிதம் வந்தது. மீட்டர் அதை என்னிடம் கொடுத்து இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். அந்த அம்மாவின் முகம் அப்போதும் சுவர்ப் பக்கம்தான்; மீட்டர் எந்த நாளையும் குறிப்பிட்டு எழுதவில்லை. கடிதம் வந்து சேர்ந்தது 2008 ஏப்ரல் 9.