கயிறு கட்டிய கை

குடித்ததால் அல்ல, குடியை நிறுத்தியதால்தான் என் மகன் சாகக் கிடந்தான் என்று சொன்னால், எங்கள் சொந்தத்தில் இன்றும் ஒருவரும் நம்புவதில்லை.

எண்பதுகளின் கடைசி. எஸ்டேட்டில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். காலையில் கொஞ்சம் உள்ளே போகாவிட்டால் ஸ்டியரிங்கில் கை நிற்காது. என் கணவரின் அண்ணன் அவனைக் கோயிலுக்கு அழைத்துப்போய், இனிப் போதையைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கி, மணிக்கட்டில் கயிறு கட்ட வைத்தார். கட்டினால் அன்றே அடியோடு நிறுத்திவிட வேண்டும். நிறுத்தினான். மறுநாள் வியர்த்து நடுங்கினான். சாமி வேலை செய்கிறது என்றார்கள். அதற்கு அடுத்த நாள் டீ குடித்துக்கொண்டிருந்தவன் வலிப்பு வந்து அடுப்படியில் விழுந்தான்.

சேலத்து ஆஸ்பத்திரி டாக்டர் விளக்கினார். மூளையில் ஒரு நரம்பிலிருந்து இன்னொன்றுக்குச் சேதி கொண்டுபோகும் ரசாயனங்கள் உண்டு. சில நரம்பை அடக்கும், சில உசுப்பும். சாராயம் அடக்குகிற பக்கம் சேர்ந்துகொள்ளும். மூளை அதைச் சரிக்கட்ட, உசுப்புகிற பக்கத்தை வருடக்கணக்காக வளர்த்து வைத்திருக்கும். சாராயத்தைத் திடீரென்று எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்தைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. அடக்குகிற வேலைக்கு மாத்திரை கொடுத்து, அதை மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். இன்னொரு முறை வலிப்பு வந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார்.

பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள் நான். வார்டில் அதை அப்படியே கணவரின் அண்ணனான பெரியவரிடம் திருப்பிச் சொன்னேன்.

"அந்த ரசாயனத்த நீ கண்ணுல பாத்தியாம்மா?" என்றார். "போதைய உடறன்னு கயிறு கட்டிட்டுப் போதை மாத்திரைய முழுங்குனா சாமி சும்மா உடுமா?"

என் கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மகனோ மாத்திரையைக் கண்டு வாயை இறுக மூடிக்கொண்டான். பெரியவரிடம் கெஞ்சினேன், கணவரிடம் கத்தினேன். கட்டில் கம்பியில் அவன் கை தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"கயிறு கட்டியிருக்கறனம்மா, முடியாது" என்றான்.

விழுந்த காயத்துக்குக் கட்டுப் போட வந்த நர்ஸின் தட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றை வெட்டினேன்.

"இப்பக் கயிறு இல்ல கண்ணு. பாவம் வந்தா எனக்கு வரட்டும். முழுங்கு சாமி."

பிறகு வாயைத் திறந்தான்.

பிழைத்துக்கொண்டான். பெரியவர் அதன்பின் எங்கள் வீட்டில் கை நனைப்பதில்லை. பையன் குடிக்காமல் இருந்தால் அது சாமியின் அருளாம். மறுபடி குடித்தால் கயிற்றை அறுத்தவளின் குற்றமாம். மாத்திரையைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. அவன் வேலையிலிருந்து வரத் தாமதமானால் என் கணவர்கூட என்னைத்தான் முறைக்கிறார்.