ஏழு சிவப்புக் கட்டங்கள்

முத்துமாரிக்கு வீடு தாராவியில், வேலை செம்பூரில். வீடு வீடாகப் போய்க் குடிதண்ணீர் ஃபில்டர் சர்வீஸ் செய்வாள். அது அவள் கணவன் நம்பிராஜன் பார்த்த தொழில். நான்கு வருடத்துக்கு முன்னால் அவன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டபோது, ஸ்பானர் பையை இவள் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அழுக்கை வடிகட்டும் கேண்டில் மாற்றுவது, மெம்ப்ரேன் மாற்றுவது, தண்ணீரில் உப்பும் மற்றதும் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் மீட்டரை உள்ளே விட்டு எண் பார்ப்பது எல்லாம் அவன் கட்டிலில் படுத்தபடி சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டாள்.

கைவேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்த வீட்டுக்கு எப்போது போனோம் என்பது மட்டும் நினைவில் நிற்காது. கூப்பிட்டால் போவாள், கூப்பிடாவிட்டால் இல்லை.

ஒரு நாள் செம்பூரில் ஸ்ரீலேகா கூப்பிட்டாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஆபீஸ் வேலை பார்க்கிறவள். ஃபில்டரைக் கழற்றிய முத்துமாரிக்கே தூக்கிவாரிப்போட்டது. வெள்ளையாக இருக்கவேண்டிய கேண்டில் கறுத்துக் கொழகொழவென்று கையோடு வந்தது.

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னு நீங்கதானே சொன்னேள்? பதினாலு மாசம் ஆச்சு. நானும் மறந்துட்டேன், நீங்களும் மறந்துட்டேள். இத்தனை நாளா எதைக் குடிச்சிண்டிருந்தோம்?" என்று ஸ்ரீலேகா கத்தினாள். "யார் யார் வீட்டுக்குப் போறேள்னு எங்கேதான் எழுதி வெச்சிருக்கேள்?"

முத்துமாரி தயங்கித் தயங்கிப் போனை நீட்டினாள். முந்நூற்றுச் சொச்சம் பெயர்கள் இருந்தன. 'லிஃப்ட் இல்லாத வீடு.' 'லிஃப்ட் இல்லாத வீடு 2.' 'நாய் மாமி.' 'டீ தர்ற வீடு.' தள்ளிக்கொண்டே வந்த ஸ்ரீலேகாவின் விரல் ஓர் இடத்தில் நின்றது. அவளுடைய நம்பருக்கு மேலே 'மூணாவது மாடி கோவக்காரி' என்று இருந்தது.

முத்துமாரி போனைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள். "தப்பா எடுத்துக்காதிய மேடம்..."

ஸ்ரீலேகா அவளை முறைத்துப் பார்த்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமை வாங்கோ. இதுக்கு ஒரு வழி பண்றேன்."

அவள் செய்துகொடுத்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. போனில் தமிழில் ஒரு படிவம். கட்டடம், வீட்டு நம்பர், மாற்றிய பொருள், தேதி, ஃபில்டருக்குள் போவதற்கு முன் குழாய்த் தண்ணீரில் மீட்டர் காட்டும் எண் என்று ஐந்தே கேள்விகள். வேலை முடிந்ததும் நிரப்பி அனுப்பினால் ஓர் அட்டவணையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறு மாதம் ஆனதும் அந்த வீட்டுக்குத் தானாகவே ஒரு மெசேஜ் போகும். "நீங்க தூங்கிண்டிருந்தாலும் அது போகும் அக்கா," என்றாள். பழைய வாடிக்கைகளின் பெயர், முகவரி, கடைசியாக மாற்றிய தேதியெல்லாம் நம்பிராஜன் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக் கேட்டுச் சேர்த்தான். அதற்கே மூன்று வாரம் பிடித்தது.

முதல் திங்கட்கிழமை முப்பத்தோரு மெசேஜ் போனது. பத்து மணிக்குள் இருபத்தாறு பேர் 'வாங்க' என்று பதில் போட்டிருந்தார்கள்.

முத்துமாரி பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள், வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க, இவங்கல்லாம் நம்மள வேண்டாம்னு வேற ஆளுகிட்ட போயிட்டாங்கன்னுல்லா நெனச்சேன்!"

"வேண்டாம்னு எவன் சொன்னான்? நீ போவல, அவங்க கூப்பிடல. அவ்ளோதாம்ட்டி."

வேலை ஒருத்தி கைக்கு அடங்கவில்லை. அடுத்த சந்தில் இருந்த முப்பிடாதியம்மாளைச் சேர்த்துக்கொண்டு தொழில் சொல்லிக்கொடுத்தாள். சாயங்காலம் ஆனால் இரண்டு போனிலிருந்தும் எண்கள் அட்டவணையில் போய் விழுந்தன. அந்தப் பக்கத்துக் குழாய்த் தண்ணீருக்கு மீட்டர் அறுபது, எழுபது காட்டும். மிஞ்சிப்போனால் தொண்ணூறு. நூற்றைம்பதுக்கு மேல் போனால் கட்டம் சிவப்பாகும்படி ஸ்ரீலேகா வைத்திருந்தாள். சிவப்பை யாரும் பார்த்ததில்லை. அட்டவணையைத் திறந்து பார்க்கும் பழக்கமும் முத்துமாரிக்கு இல்லை. மெசேஜ் போகிறது, வேலை வருகிறது, அது போதும் என்றிருந்தாள்.

ஆகஸ்ட் மாதம், செவ்வாய்க்கிழமை காலை. ஏதோ ஒரு தேதியைத் தேடி அட்டவணையைத் திறந்தாள். ஏழு கட்டங்கள் ரத்தச் சிவப்பாக இருந்தன.

போனில்தான் கோளாறு என்று நினைத்தாள். அணைத்துத் திறந்தாள். அதே ஏழு. இருநூற்று நாற்பது, இருநூற்று அறுபத்தைந்து, முந்நூற்றுப் பத்து... ஏழும் திலக் நகரில் ஒரே கட்டடம். மூன்று வாரத்துக்குள் எடுத்தவை. மூன்று முப்பிடாதி பதிந்தது. மிச்சம் நான்கும் இவளே பதிந்தது. அந்தந்த வீட்டுக் குழாய் துருப்பிடித்திருக்கும் என்று நினைத்து எண்ணை அழுத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருந்தாள். பையை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்கு ஓடினாள்.

கட்டட வாசலில் வாட்ச்மேன் பைசான் இல்லை. லிஃப்டுக்குப் பின்னால் இருந்த அவன் அறையில் அவன் மனைவி மட்டும் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. ஆறு வயது மகளுக்கு மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரியில் ஐந்து நாளாகக் கிடக்கிறாள், அப்பா பக்கத்தில் இருக்கிறார் என்று ஹிந்தியில் சொன்னாள்.

அந்த அறையில் ஃபில்டர் கிடையாது. குழாயில் பிடித்துப் பானையில் ஊற்றி அப்படியே குடிக்கிறார்கள். முத்துமாரி மீட்டரை எடுத்துப் பானைத் தண்ணீருக்குள் விட்டாள். முந்நூற்றுப் பதினெட்டு. மேலே ஏழு வீட்டிலும் ஃபில்டர் மாட்டியிருந்தது. கீழே இந்தப் பிள்ளைக்கு எதுவும் இல்லை. மீட்டரை உதறிவிட்டு மறுபடி விட்டாள். முந்நூற்றுப் பதினெட்டேதான்.

"இந்தத் தண்ணி குடிக்காதீங்க. ஒரு சொட்டு கூட," என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் படியேறி ஓடினாள்.

அந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்துக்கு, அதாவது சொசைட்டிக்கு, செக்ரட்டரி ஜெயராம் என்கிற ரிட்டயர்டு ஆபீசர். பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவள் சொன்னதைக் கேட்டார்.

"ஏப்ரல்லதான் டேங்க் கிளீன் பண்ணினோம். உன் மீட்டர் கெட்டுப்போயிருக்கும்மா."

"ரெண்டு மீட்டர் சார். ரெண்டு பேரு போயிருக்கோம். ஏழு வீடு. நீங்களே பாருங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கினார். சிவப்புக் கட்டங்களின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். "இது... நம்மாத்து நம்பர்னா?"

"ஆமா சார். நாந்தான் போட்டேன். போட்டுட்டு, மாமி குடுத்த டீயக் குடிச்சுட்டுப் போயிட்டேன்."

ஜெயராம் செருப்புக்கூடப் போடாமல் கீழே இறங்கினார். பிளம்பர் வந்து தரைத்தொட்டியின் மூடியைத் தூக்கி டார்ச் அடித்தான். தொட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் சாக்கடைக் குழி. மழையில் அது நிரம்பியிருந்தது. சுவரில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். அதன் வழியே கறுப்பாக ஒரு கோடு இறங்கித் தண்ணீரில் கலந்துகொண்டிருந்தது. கூடி நின்றவர்களில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். ஜெயராம் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "பகவானே, இதையா குடிச்சிண்டிருந்தோம்?"

வால்வை மூடினார்கள். முத்துமாரியும் முப்பிடாதியும் நாற்பத்தெட்டு வீட்டுக் கதவையும் தட்டிச் சொன்னார்கள். மழைக்கால ஜுரம் என்று இரண்டு வீட்டில் படுத்துக்கிடந்தவர்களை அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். விரிசலை அடைத்து, தொட்டியைக் கழுவி, தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி எல்லாம் சரியாகும் வரை ஒன்பது நாள் டேங்கர் லாரி வந்தது.

பைசான் மகள் தொட்டியைத் திறந்த பதினோராம் நாள் வீடு திரும்பினாள். கழுத்தெலும்பு தெரிய மெலிந்திருந்தாள். பைசான் முத்துமாரியின் இரு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னபோது அவளால் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மூணு வாரமா நம்பரு என் போன்லதாங்க கெடந்திருக்கு," என்று வீட்டில் சொல்லி அழுதாள். நம்பிராஜன் அவள் தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் நகர்த்தினான்.

அந்த வாரமே ஸ்ரீலேகாவிடம் போனாள். சிவப்பு விழுந்த அந்த நிமிடமே தன் போனும், முப்பிடாதி போனும், அந்தக் கட்டடத்துச் செக்ரட்டரி போனும் அலற வேண்டும் என்றாள். பத்து நிமிட வேலை என்று ஸ்ரீலேகா உடனே செய்துகொடுத்தாள்.

"இன்னொண்ணு மேடம். படிவத்துல ஆறாவதா ஒரு கேள்வி போடணும். வாட்ச்மேன் ரூம் குழாய்ல எவ்ளோ காட்டுதுன்னு."

"அவாளுக்கு நீங்க சர்வீஸ் பண்றதில்லையே அக்கா?"

"அதுக்குத்தான் கேக்கேன்."

ஜெயராம் தனக்குத் தெரிந்த செக்ரட்டரிகளிடமெல்லாம் நடந்ததைச் சொன்னார். தீபாவளிக்குள் பதினோரு சொசைட்டிக்காரர்கள் கூப்பிட்டார்கள். இன்றைக்கு ஐந்து பெண்கள் பை தூக்குகிறார்கள். யார் எந்தக் கட்டடத்துக்குப் போகவேண்டும் என்று பார்த்து அனுப்புவது நம்பிராஜன். இதுவரை இரண்டு முறை போன் அலறியிருக்கிறது. ஒரு தடவை மீட்டரில் பேட்டரி தீர்ந்த கோளாறு. எல்லோரும் வேர்க்க விறுவிறுக்க ஓடிப்போய், அசடு வழியத் திரும்பினார்கள். மற்றது தேவ்நாரில். அந்தச் சிவப்பு, வாட்ச்மேன் அறைக் குழாயில்தான் முதலில் விழுந்தது. அன்று சாயங்காலத்துக்குள் தொட்டியைத் திறந்துவிட்டார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.